பன்னிரண்டு டிஸ்குக்கும் பொட்டு

கோயம்புத்தூர் வரைக்குமா தம்பி? நல்லதாகப் போயிற்று. நானும் அங்கேதான். பஸ்ஸில் பேச்சுத்துணை இல்லாவிட்டால் தூங்கிவிடுவேன். தூங்கினால் பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்துவிடுவேன், குறட்டையும் உண்டு என்று வீட்டில் சொல்கிறார்கள். நான் கேட்டதில்லை. உங்கள் சட்டை வேறு வெள்ளையாக இருக்கிறது. பேசிக்கொண்டே போய்விடுவோம்.

கழுத்தில் அட்டை தொங்குகிறதே, என்ன கம்பெனி? பம்ப்செட்டா? நல்ல தொழில். தண்ணீர் வந்தால் ஓடுகிறது என்று அர்த்தம், வராவிட்டால் ஓடவில்லை. சந்தேகமே கிடையாது. எனக்கும் இப்படி ஓர் அட்டை இருந்தது. பச்சை நாடா. ஆபீஸ்காரர்களுக்குப் பச்சை. இப்போது நீலம். லாரி நிறுக்கிற எடைமேடைக்காரர்களுக்கு நீலம். நாடாவின் நிறம் மாறியதால்தான் இந்தப் பயணம். பெரியவரைப் பார்த்து என் கம்ப்யூட்டர் அறையைத் திருப்பிக் கேட்கப் போகிறேன். கெஞ்ச மாட்டேன். கேட்பேன்.

என் பெயர் பசுபதி. கரூரில் ஒரு சாயப்பட்டறையில் பதினான்கு வருடம் கம்ப்யூட்டர் இன்சார்ஜ். பட்டறை அண்ணன் தம்பி இரண்டு பேருடையது. தம்பி கரூரில் இருந்து நடத்துகிறார், அவரைச் சின்னவர் என்போம். அண்ணன் கோயம்புத்தூரில் இருக்கிறார், அவர் பெரியவர். சின்னவர் செய்த அநியாயத்தைப் பெரியவரிடம் சொல்வதுதானே முறை?

சாயப்பட்டறை என்றதும் தொட்டியையும் குச்சியையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். எல்லாம் மெஷின். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு ரெசிபி உண்டு. எந்தச் சாயம் எத்தனை கிராம், எத்தனை டிகிரி சூடு, எத்தனை நிமிடம். எட்டாயிரம் நிறம் வைத்திருந்தோம். முன்பு காகிதத்தில் பிரிண்ட் எடுத்து வைப்பார்கள். நான்தான் நிறுத்தினேன். கம்ப்யூட்டரில் இருக்கிறது, அதற்குப் பேக்கப் இருக்கிறது, காகிதம் எதற்கு?

இந்தக் கம்ப்யூட்டர் என்பது நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்று இல்லை. அறைக்குள் இரும்பில் இருப்பது ஒன்றுதான். அதற்குள்ளே மூன்று கம்ப்யூட்டர் இருப்பதாகப் பாவனை. விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒரே வீட்டில் மூன்று குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தனித்தனி அடுப்பு, தனித்தனி பூட்டு, ஆனால் நடுச்சுவர் கிடையாது. மூன்றுக்கும் நான்தான் பெயர் வைத்தேன். அமராவதி, அதில் ரெசிபி. நொய்யல், அதில் ஆள்வருகை. காவிரி, அது மற்ற இரண்டுக்கும் பேக்கப் எடுக்கும். மூன்றின் தட்டுமுட்டுச் சாமான்களும் பக்கத்தில் ஸ்டோரேஜ் பெட்டி என்று ஒன்று, பன்னிரண்டு டிஸ்க் வைத்தது, அதில் இருக்கும். தினமும் விடியற்காலையில் காவிரி மற்ற இரண்டு குடித்தனத்தையும் அப்படியே, உப்புப் புளி உட்பட, நகல் எடுத்து, ஆள்வருகை பதிகிற டைம் ஆபீஸில் இருக்கிற சின்னப் பெட்டிக்கு அனுப்பிவிடும். அனுப்பியதும் எனக்கு ஒரு மெயில் வரும். பச்சை எழுத்தில் ‘சக்ஸஸ்’.

பதினோரு வருடம் தம்பி. ஒரு நாள் தவறியதில்லை. அந்த மெயிலை எல்லாம் பிரிண்ட் எடுத்து, ஓட்டை போட்டு, ஃபைலில் கோத்து வைத்திருக்கிறேன். முப்பத்தொரு ஃபைல். காகிதம் எதற்கு என்றேனே, அது ரெசிபிக்கு. இது சாட்சி. ஆடிட்டர் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் கோகிலவாணி என்று ஒரு பெண் எனக்கு உதவிக்கு வந்தாள். குளித்தலைப் பக்கம். மரியாதையான பெண்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, கேட்கிறாள்:

“சார், இதை எப்பவாவது திருப்பி எடுத்துப் பார்த்திருக்கீங்களா?”

“எதை?”

“பேக்கப்பைங்க சார். எந்திரிக்குதான்னு.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “ஏம்மா, உங்க வீட்டுல ஊறுகாய் போட்டு வெச்சா, தினமும் மூடியைத் திறந்து கைய விட்டுப் பார்ப்பீங்களா?”

“தினமும் இல்லைங்க சார். ஆனா சோத்துக்கு வைக்கறதுக்கு முன்னாடி ஒருக்கா பார்ப்போம்.”

பார்த்தீர்களா, வாய். பேக்கப்பைத் திறந்து பார்ப்பது என்றால் அதைச் சந்தேகப்படுவது என்று அர்த்தம். பதினோரு வருடம் பச்சை எழுத்தில் வந்ததைச் சந்தேகப்பட நான் யார்? முடியாது என்று சொல்லிவிட்டேன். அவள் சரிங்க சார் என்றாள். சரி என்று சொன்னவள் என்ன செய்தாள் தெரியுமா? நிறம் சோதிக்கிற லேபில் ஒதுக்கிப் போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்றைத் துடைத்து எடுத்து, ஸ்டோர் ரூமில் நூல் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்து, மாதம் ஒரு தடவை என் பேக்கப்பை அதில் எழுப்பிப் பார்த்திருக்கிறாள். எனக்கே தெரியாமல். என் அமராவதியை, ஒரு நூல் மூட்டைக்குப் பக்கத்தில்!

எப்படித் தெரிந்தது என்றால், ஒரு நாள் வந்து நிற்கிறாள். “சார், கோவிச்சுக்காதீங்க. அமராவதிக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடி இன்னொரு டிஸ்க் சேர்த்தீங்கல்ல, ரெசிபிக்குன்னு. அது பேக்கப்ல வரலை. எழுப்பிப் பார்த்தேன். ஆள் எந்திரிக்குது, கை காலியா இருக்குது.”

“மெயில்ல சக்ஸஸ்னு வருதேம்மா.”

“சொன்னதை எடுத்துட்டேன்னு வருதுங்க சார். அந்த டிஸ்கை எடுக்கச் சொல்லி யாரும் சொல்லலை.”

அவளே போய் அதையும் சேர்த்துவிட்டாள். விளைவு என்ன? ஆறரைக்கு வந்துகொண்டிருந்த மெயில் ஏழு பத்துக்கு வர ஆரம்பித்தது. நான் எழுந்து பல் தேய்ப்பதற்குள் வந்துவிடும். இப்போது டிபன் சாப்பிட்டுக்கொண்டே காத்திருக்க வேண்டியிருந்தது. என் பேக்கப்பை நாற்பது நிமிடம் மெதுவாக்கியவள் அவள். இதைச் சின்னவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை.

வெள்ளக்கோவில் வந்துவிட்டது. டீ குடிக்க இறங்குகிறீர்களா? வேண்டாமா? நானும் இறங்கவில்லை. சொல்லி முடித்துவிடுகிறேன்.

இந்த வருடம் ஆயுதபூஜை. எங்கள் பட்டறையில் பூஜை என்றால் சாதாரணமாக இருக்காது. பாய்லரைக் கழுவி, பட்டை போட்டு, வாழைக்கன்று கட்டி, ஒரு ஆள் உயர மாலை போடுவார்கள். சாய மெஷினுக்கு மாலை. லாரிக்கு மாலை. தள்ளுவண்டிக்குக்கூட ஒரு முழம் உண்டு. என் அறைக்கு? கதவில் ஒரு பொட்டு. பதினான்கு வருடமாகக் கதவில் ஒரு பொட்டு. உள்ளே செருப்போடு வரக்கூடாது என்று நானே போர்டு வைத்திருப்பதால் ஐயர் வாசலோடு போய்விடுவார்.

இந்தத் தடவை சின்னவரிடம் போய்ச் சொன்னேன்: “எல்லா மெஷினும் இன்னைக்கு ஓய்வெடுக்குது. இது மட்டும் என்ன பாவம் செஞ்சுதுங்க?” அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டே, “செய்யுங்க பசுபதி” என்றார். எழுத்தில் இல்லை என்றாலும் உத்தரவு உத்தரவுதான்.

கோகிலவாணி மட்டும் குறுக்கே வந்தாள். “சார், நொய்யல் அமராவதியை வேணா நிறுத்துங்க. ஸ்டோரேஜ் பெட்டியை நிறுத்தாதீங்க. பதினோரு வருஷமா சுத்திக்கிட்டே இருக்குற டிஸ்க். நின்னா மறுபடி சுத்தாது.”

“அப்போ அதுக்கு ஓய்வே வேண்டாமா? உனக்கு ஞாயித்துக்கிழமை லீவு வேணும்ல?”

“நான் திங்கக்கிழமை வந்துருவேனுங்க சார்.”

நிறுத்தினேன். முதல் தடவையாக அந்த அறையில் சத்தமே இல்லை. கோயில் கர்ப்பகிரகம் மாதிரி இருந்தது. பன்னிரண்டு டிஸ்குக்கும் முன்பக்கம் ஒரு சின்னப் பிடி இருக்கும், அதில் ஒரு விளக்கு இருக்கும். பன்னிரண்டுக்கும் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்தேன். லாரிக்குச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பார்கள். பெட்டிக்குச் சக்கரம் இல்லாததால் மேலே வைத்தேன். போட்டோ எடுத்தேன். பாருங்கள், இன்னும் செல்லில் இருக்கிறது. அழகாக இல்லை?

மறுநாள் விஜயதசமி. அன்றைக்கு நல்ல நேரத்தில் முதல் மெஷினில் துணி ஏற்றிவிட வேண்டும், அது வழக்கம். பத்தே முக்காலில் இருந்து பதினொன்றே முக்கால். ஏற்றாமல் விட்டதாகப் பட்டறை ஆரம்பித்த நாளில் இருந்து கிடையாது. அதுவும் அன்றைக்கு ஏற்ற வேண்டியது மயில்கழுத்து நிறம். வெளிநாட்டுக்குப் போகிற போர்வை. பாதியைப் பூஜைக்கு முன்பே சாயமேற்றி வைத்தாகிவிட்டது. மீதிப் பாதி அதே நிறத்தில் வர வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் மொத்தமும் திரும்பி வந்துவிடும்.

எட்டரைக்குச் சாமி கும்பிட்டு சுவிட்சைப் போட்டேன். பெட்டி ஓர் உறுமல் உறுமியது. அப்புறம் டக் டக் என்று ஒரு சத்தம். அப்புறம் ஒன்றும் இல்லை. அமராவதி வரவில்லை. நொய்யல் வரவில்லை. காவிரியும் வரவில்லை.

நான் பதறவில்லை தம்பி. பெட்டி விற்ற சென்னை ஆளுக்குப் போன் போட்டேன். அவன் கேட்கிறான், “டிஸ்க்ல விளக்கு என்ன கலர் எரியுது சார்?”

பார்த்தேன். “எல்லாம் மஞ்சளா இருக்குப்பா. நடுவுல கொஞ்சம் சிவப்பு.”

“பன்னிரண்டுமா?” அவன் குரலே மாறிவிட்டது. “சார், அப்படி நான் கேள்விப்பட்டதே இல்லையே.”

கோகிலவாணி ஈரத்துணி எடுத்து வந்து சந்தனத்தைத் துடைத்தாள். பூஜை செய்த சந்தனத்தை, விஜயதசமி அன்றைக்கு, ஈரத்துணியால்! அடியில் எட்டு பச்சை, நான்கு ஆரஞ்சு. நான்கு டிஸ்க் சுற்றவே இல்லை. இரண்டு போனால் தாங்கும், நான்கு போனால் பெட்டியே இல்லை என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றான் அந்த ஆள்.

“பேக்கப் இருக்குல்ல சார்?” என்றான்.

“பதினோரு வருஷம் இருக்கு.”

“ஒரு நாள் போதும் சார். அதைத் திருப்பி எடுக்கற புரோகிராம் எங்க இருக்கு?”

“காவிரியில.”

“காவிரி எங்க இருக்கு?”

“இந்தப் பெட்டியிலதான்.”

அவன் சிரித்தான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது? வெளியாள் தொட முடியாத இடமாகப் பார்த்துத்தான் வைத்திருந்தேன். யாராலும் தொட முடியவில்லையே, அது என் கெட்டிக்காரத்தனம் இல்லையா?

அதற்குள் சாய மாஸ்டர் சவரிமுத்து வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் சின்னவர், புது வேட்டி, கையில் பொரிகடலைத் தட்டு. சின்னவர் மாஸ்டரிடம் கேட்கிறார், “மயில்கழுத்து உங்களுக்கு ஞாபகம் இருக்குமில்லங்க?”

“நெஞ்சுக்குள்ள இருக்குதுங்க,” என்றார் சவரிமுத்து. “ஆனா கிராமா இல்லைங்க.”

சின்னவர் தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் ஒரு யோசனை சொன்னேன். இதே மாடல் பழைய பெட்டி ஒன்றைச் சென்னையில் தேடி வாங்கி வந்துவிட்டால், அதில் அமராவதி எழுந்துவிடும். அது இந்தப் பெட்டியில் பிறந்தது. வேறு பெட்டி அதற்கு ஒத்துக்கொள்ளாது. நாலைந்து நாளில் முடித்துவிடலாம் என்றேன். நியாயம்தானே?

கோகிலவாணி நடுவில் பேசினாள். “சார், தான் எந்த டிஸ்க்ல இருக்கோம்னே அதுக்குத் தெரியாது. எங்க போட்டாலும் எந்திரிக்கும். ஸ்டோர் ரூம் டெஸ்க்டாப்ல பேக்கப் புரோகிராம் இன்னொண்ணு போட்டு வெச்சிருக்கேன். டைம் ஆபீஸ் பெட்டில இருந்து நேத்து காலை நகலை இழுத்துறலாம். ஒரு மணி நேரம் ஆகும்.”

“எப்படித் தெரியும், ஒரு மணி நேரம்னு?” என்றார் சின்னவர்.

“மாசாமாசம் செஞ்சு பார்க்கறனுங்க.”

சின்னவர் முன்னாலேயே ஒத்துக்கொண்டாள்! அனுமதி இல்லாமல் செய்தேன் என்று அவள் வாயாலேயே. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மணி பார்த்தார். ஒன்பது ஐம்பது.

எல்லோரும் ஸ்டோர் ரூமுக்குப் போனோம். நூல் மூட்டை மேல் சின்னவர் உட்கார்ந்தார். நகலைத் திறக்கப் பாஸ்வேர்டு கேட்டது. பாஸ்வேர்டு என்னிடம் மட்டும்தான் உண்டு. காவிரிக்குள் ஒரு ஃபைலில் பத்திரமாக எழுதி வைத்திருந்தேன். நான் யோசித்துக்கொண்டிருந்தபோதே அவள் அடித்துவிட்டாள்.

“உனக்கெப்படித் தெரியும்?”

“போன வருஷம் போன்ல யாருக்கோ சத்தமா சொன்னீங்க சார். கேன்டீன்ல எல்லாத்துக்கும் தெரியும்.”

ஒட்டுக் கேட்டிருக்கிறாள். அதுவும் ஒரு குற்றம்.

ஒரு பட்டை திரையில் ஊர்ந்துகொண்டே போயிற்று. பத்து சதவீதம், பதினாறு சதவீதம். பத்தே முக்கால் ஆனபோது தொண்ணூற்றி நாலு. சின்னவர் ஒரு பொரியைக்கூட வாயில் போடவில்லை. நூல் மூட்டையின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். அமராவதி எழுந்தது பத்து ஐம்பத்தைந்துக்கு. எழுந்ததும் ரெசிபி எதுவும் இல்லை என்று சொன்னது. சவரிமுத்து சிலுவை போட்டுக்கொண்டார். நான் சொன்னேன், “பார்த்தியா, வேற பெட்டி ஒத்துக்கலை.”

“முழிச்சதும் பழைய வீட்டைத் தேடுதுங்க சார். எப்பவும் இப்படித்தான். ரெண்டாவது டிஸ்கை அதுக்குக் காட்டிக் குடுக்கணும்.” காட்டிக் கொடுத்தாள். நிறுத்தினாள். மறுபடி எழுப்பினாள். பதினொன்று இருபதுக்கு எட்டாயிரம் நிறமும் வந்து நின்றது. சவரிமுத்து நிறத்தின் நம்பரைச் சொன்னார், ஆறாயிரத்து நூற்றிப் பதினாலு. மயில்கழுத்து, கிராம் கிராமாக. பேப்பரில் எழுதிக்கொண்டு ஓடினார் மனிதர், அறுபது வயது, செருப்பில்லாமல். பதினொன்று முப்பத்தெட்டுக்கு ஆறாம் நம்பர் மெஷினில் துணி ஏறியது. தேங்காய் உடைத்தார்கள். சாயந்தரம் துண்டை வெட்டி எடுத்து முந்தைய பாதியோடு வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார்கள். எது எந்தப் பாதி என்று மாஸ்டருக்கே தெரியவில்லை.

இப்போது நீங்களே சொல்லுங்கள் தம்பி, பட்டறையைக் காப்பாற்றியது யார்? யார் எடுத்த பேக்கப்? நான் அதைத்தான் சின்னவரிடம் சொன்னேன். “பார்த்தீங்களா, என் பேக்கப் கைவிடலை.” அவர் கோகிலவாணியைப் பார்த்தார். அவளும் ஒத்துக்கொண்டாள். “ஆமாங்க, சாரோட பேக்கப்தான்.” சின்னவர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்ட வார்த்தை கிடைக்காதபோது மனிதர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

திங்கட்கிழமை போனால் என் அறைக்கு வேறு பூட்டு. சாவி அவளிடம். எனக்கு எடைமேடை. சின்னவர் கூப்பிட்டு நயமாகத்தான் சொன்னார்: “அங்க ஒவ்வொரு லாரியையும் வரும்போது ஒருக்கா, போகும்போது ஒருக்கா, ரெண்டு தடவை பார்க்கணுங்க பசுபதி. உங்களுக்குப் பழகும்.” எனக்கு என்ன புரிந்தது என்றால், லாரிக்காரர்கள் ஏமாற்றுகிறார்கள், நம்பிக்கையான ஆள் அங்கே தேவைப்படுகிறது. அது சரி. ஆனால் அறை என்னுடையது இல்லையா? ஏசி வேறு. எடைமேடையில் மின்விசிறிகூடச் சத்தம்தான் போடுகிறது, காற்று வருவதில்லை.

அதனால் பெரியவருக்கு மூன்று பக்கம் எழுதியிருக்கிறேன். அவள் அனுமதியில்லாமல் திறந்தது, நூல் மூட்டைப் பக்கத்தில் வைத்தது, மெயிலைத் தாமதப்படுத்தியது, சந்தனத்தைத் துடைத்தது, ஒட்டுக் கேட்டது. தேதி வாரியாக. படிக்கிறேன், கேளுங்கள். கவரைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன், பரவாயில்லை, பல்லடத்தில் வேறு கவர் வாங்கிக்கொள்கிறேன். இரண்டாவது பக்கம்தான் முக்கியம். இருங்கள், இந்தக் கண்ணாடி...

இது என்ன? ‘வெறும் வயிற்றில், சாப்பிட்ட பின்’... என் சர்க்கரை ரிப்போர்ட். அது எப்படி இதற்குள் வந்தது? லேபுக்காரன் செய்கிற வேலை பாருங்கள், எல்லோரும் போடுகிற மாதிரி அவனும் பழுப்புக் கவரே போட்டுக் கொடுத்திருக்கிறான். மேஜையில் இரண்டும் ஒன்றாகக் கிடந்தது, நான் இதை ஒட்டிவிட்டேன். பெரியவர் கையில் இதைக் கொடுத்திருந்தால்! கடுதாசி வீட்டில் இருக்கிறதோ, வீட்டம்மா பழைய பேப்பரோடு போட்டுவிட்டாளோ. பெரியவர் ஒரு மணிக்கு வரச்சொல்லியிருக்கிறார். மத்தியானமே வெளியூர் கிளம்புகிறாராம், திரும்ப இரண்டு மாதம் ஆகும்.

ஒரு நிமிஷம் தம்பி. ஒரு போன் பேசிக்கொள்கிறேன். பஸ் சத்தத்தில் காது கேட்காது, ஸ்பீக்கரில் போடுகிறேன்.

“அலோ, கோகிலவாணியா? நான் பசுபதி சார். ஏம்மா, நேத்து ஒரு கடுதாசி டைப் அடிச்சுக் குடுத்தியே...”

“எதுங்க சார்?”

“அதான்மா, உன்னைப் பத்தி.”

“ஓ, அதுங்களா. சொல்லுங்க சார். தேதி ஏதாவது தப்பாயிருச்சுங்களா?”

“இல்ல, தேதியெல்லாம் சரியாத்தான் இருக்கு. அது... வழியில தொலைஞ்சு போச்சு. உங்கிட்ட இருக்குமா?”

“இருக்குங்க சார். மூணு எடத்துல வெச்சிருக்கேன். உங்க செல்லுக்கு அனுப்பிடட்டுங்களா? பெரியவர் வீட்டுக்குப் பக்கத்துலயே பிரிண்ட் கடை இருக்குதுங்க.”

“அனுப்பு, அனுப்பு. சீக்கிரம்.”

“ஒரு நிமிஷம் இருங்க சார். மூணு பக்கமும் சரியா இருக்குதான்னு ஒருக்கா திறந்து பார்த்துட்டு அனுப்பறேன்.”

கேட்டீர்களா? கேட்டீர்களா தம்பி? திறந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாளாம். இந்தப் புத்தியைத்தான் நான் மூன்று பக்கத்துக்கு எழுதியிருக்கிறேன்.